எஸ்டீமும் ஐகானும்

ரெண்டும் என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவை.
ரெண்டுக்கும் எஃப்சி ஆனியோடு முடிகிறது.
வண்டிச்சோலையில் வீடு;
இத்தனை நாள் ஊர்ப் பெயரில் மட்டும்தான்
எனக்கு வண்டி இருந்தது.
நடுராத்திரி ரத்தம் பொருத்திப் பார்க்க
லேபிலிருந்து கூப்பிட்டால்
ஆட்டோக்காரரின் தூக்கத்தை நம்பி இறங்குவேன்.
சீட்டு எடுத்தேன். தொண்ணூறாயிரம்.
ஒன்றுதான் வாங்க முடியும் என்பதை
மூன்று ஞாயிறுகள் மறந்திருந்தேன்.

ஐகான் பெட்போர்டில் நின்றது,
போஜன் என்கிற பூண்டு வியாபாரியின் குடோன் வாசலில்.
டிக்கியைத் திறந்தால் பூண்டு.
சீட்டைச் சாய்த்தால் பூண்டு.
ஏசியைப் போட்டால்
குளிர்ந்த பூண்டு.
"சளி பிடிக்காதுங்க" என்றார், சிரிக்காமல்.
மீட்டர் அறுபத்திரண்டாயிரம் காட்டியது.
பிரேக் மிதியில் ரப்பர் தேய்ந்து இரும்பு தெரிந்தது.
மெக்கானிக் கமாலுதீன் அதைப் பார்த்தான், இதைப் பார்த்தான்:
"ரெண்டுல ஒண்ணு பொய் சொல்லுதுக்கா.
மிதிக்குப் பொய் சொல்லத் தெரியாது."

எஸ்டீம் அருவங்காட்டில்
தார்ப்பாய்க்குள் இருந்தது.
வேதநாயகம் சாரின் வண்டி. சார் இல்லை.
மகள் ஷீபா சாவியைத் தந்துவிட்டு
உள்ளே போய் டிவியின் சத்தத்தைக் குறைத்தாள்.
கதவின் அடியில் துரு;
விரல் வைத்ததும் அப்பளமாக நொறுங்கியது.
இடது விளக்கு மட்டும்
புரை விழுந்தது போல மங்கல்.
பின் சீட்டுக்கு அடியில் ரெண்டு கல்,
ஒரு பக்கம் தட்டையாக,
ஏற்றத்தில் நிறுத்தினால் டயருக்கு முட்டுக் கொடுக்க.
ஹேண்ட் பிரேக்கை அவர் நம்பவில்லை போலும்.

டேஷ்போர்டில் ஒரு கோடு போட்ட நோட்டு.
பத்தொன்பது வருஷத்துப் பெட்ரோல், லிட்டர் லிட்டராக.
'12.6. காட்டேரி வழி. மழை.'
'பர்லியாரில் சூடேறியது. நாற்பது நிமிடம்.
குரங்கு பன்னைப் பிடுங்கிக்கொண்டது.
ரோஸலின் சிரித்தாள்.'
'இடது பல்பு மாற்ற வேண்டும்.'
நாலு பக்கம் தள்ளி, திரும்பவும்
'இடது பல்பு மாற்ற வேண்டும்.'
கடைசியில் வேறு கையெழுத்து:
'அப்பாவை ஆஸ்பத்திரிக்கு.
எத்தனை லிட்டர் என்று பார்க்கவில்லை.'

நோட்டை எடுத்த இடத்திலேயே வைத்தேன்.
"என்னக்கா, புக்குல என்ன இருக்கு?" என்றான் கமாலுதீன்.
"மைலேஜ்" என்றேன்.

ஒரே ஏற்றத்தில் ரெண்டையும் ஏற்றிப் பார்த்தோம்,
சிம்ஸ் பார்க் தாண்டி, தேயிலை ஃபேக்டரிக்குப் பிரிகிற
அந்தச் சந்தில்.
ஐகான் ரெண்டாவது கியரிலேயே
கடன் கேட்டு வருகிறவனைப் போல விறுவிறுவென்று போனது.
எஸ்டீம் பாதியில் முனகி
முதல் கியர் கேட்டது.
கொடுத்தேன்.
மேலே போய்ச் சேர்ந்தபோது கிளட்ச் தீய்ந்த வாசனை;
கீழே கேத்தி வரைக்கும் வெயில்.
கொஞ்ச நேரம் யாரும் விலை பேசவில்லை.

ஐகானை வாங்கினேன்.
ராத்திரி ரெண்டு மணிக்கு
முதல் கியரின் முனகலைக் கேட்டுக்கொண்டிருக்க முடியாது.
ஷீபாவுக்கு ஃபோன் செய்து
"அந்த நோட்டை மட்டும்..." என்று ஆரம்பித்து,
"வண்டியோட கொடுத்துடாதீங்க" என்று முடித்தேன்.
நான் கேட்க வந்தது அதுவல்ல.
அவள் "சரிங்க" என்றாள்.

கார்த்திகையில் ஒரு சாயங்காலம்,
பானட்டை மூடிய மூடுபனியில் இறங்கிக்கொண்டிருந்தேன்.
வளைவுக்குக் கீழே
ஒன்றரை வெளிச்சம் ஏறி வந்தது.
மலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் வழி.
தடுப்புச் சுவரோடு ஒட்டி நின்றேன்,
கண்ணாடியைக்கூட மடக்கிக்கொண்டேன்.
முனகிக்கொண்டே கடந்தது, முதல் கியரில்;
ஓட்டியவர் முகம் தெரியவில்லை,
பின்னால் ஒரு குழந்தை
ஜன்னலில் ஊதிப் படம் வரைந்துகொண்டிருந்தது.

இடது பல்பு மாற்ற வேண்டும்
என்றேன், சத்தமாக,
என் பூண்டு வாசனைக்குள்.
ஹார்ன் ஒருமுறை கேட்டது மேலிருந்து.
வழிவிட்டதற்கு.